சங்குப்பூ வளர்க்க, பறிக்க, காயவைக்க, சமைக்க: முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடியில் சங்குப்பூக் கொடி முதல் பூவைத் தருவதற்குள் நான் மூன்று முறை விதைத்தேன். பூத்த பிறகு காயவைக்கத் தெரியாமல் ஒரு பாட்டில் முழுக்கப் பூஞ்சை பிடித்தது. நன்றாகக் காயவைக்கக் கற்றுக்கொண்டு, தெரிந்தவர்களுக்கு விற்கலாம் என்று தொடங்கியபோது, அச்சடித்த லேபிள் அத்தனையையும் கிழித்துப் போட வேண்டி வந்தது. ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். அந்த ஒருவராக உங்களுக்கு நான் இருக்கிறேன். வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் ஏழாவது படியோடு நிறுத்திக்கொள்ளலாம். விற்கும் எண்ணம் இருந்தால் ஏழையும் எட்டையும் படிக்காமல் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

1. முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

பூவைக் கவிழ்த்துப் பார்த்தால் சிறிய சங்கு போல இருக்கும். அதனால்தான் சங்குப்பூ, சங்கு புஷ்பம். சங்கப் பாடல்களில் வரும் கருவிளை இதுதான். வெள்ளையாகப் பூப்பதைச் செருவிளை என்றார்கள். தாவரவியல் பெயர் கிளிட்டோரியா டெர்னேட்டியா. இந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பழைய மருத்துவ நூல்களும் அகராதிகளும் சங்குப்பூவைக் காக்கணம் என்றும் காக்கட்டான் என்றும் சொல்கின்றன. நான் அதை நம்பி ஒரு நாட்டு மருந்துக் கடையில் "காக்கட்டான் விதை இருக்கிறதா?" என்று கேட்டேன். கடைக்காரப் பெரியவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வயிற்றுக்கா அம்மா, விதைக்கவா?" என்றார். விதைக்கத்தான் என்றேன். "அப்படியென்றால் நீங்கள் தேடுவது இது இல்லை" என்று டப்பாவைத் திறந்து காட்டினார். கறுப்பாக, ஆரஞ்சுச் சுளையைச் சின்னதாக்கியது போல முனை வைத்த விதைகள். அது கொடிக்காக்கட்டான், பேதிக்குக் கொடுக்கும் விதை. சங்குப்பூ விதை அப்படி இருக்காது. தட்டையாக, நீள்வட்டமாக, பளபளப்பான கரும்பழுப்பில் இருக்கும். அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் பொட்டலம் கட்டியிருந்தால் நான் வேறு ஏதோ கொடியை வளர்த்து, அதன் பூவைக் குடித்திருப்பேன்.

குழப்பம் அதோடு முடியவில்லை. பூ மார்க்கெட்டில் காக்கட்டான் என்று கேட்டால் மல்லிகை இனத்து வெள்ளைப் பூவை நிறுத்துத் தருவார்கள். சங்குபுஷ்பி என்று கடைகளில் பாட்டிலில் வரும் மருந்து, பெரும்பாலும் தரையில் படரும் வேறு செடியிலிருந்து செய்வது. விஷ்ணுகிராந்தியும் நீலப் பூதான், ஆனால் அது புல்லோடு புல்லாகக் கிடக்கும் சிறு செடி. ஆகவே எங்கே போனாலும் 'சங்குப்பூ' என்றே கேளுங்கள். பூவையோ படத்தையோ காட்டிக் கேட்டால் இன்னும் நல்லது.

மலேசியாவில் இருப்பவர்கள் சந்தையில் பூங்ஙா தெலாங் என்று கேட்க வேண்டும். தாய்லாந்தில் அஞ்சன். இலங்கையில் சிங்களக் கடைகளில் நில் கட்டரொலு என்றால் எடுத்துத் தருவார்கள்.

நிறத்தையும் பார்த்து வாங்குங்கள். நீலம், வெள்ளை, வெளிர் ஊதா என்று வகைகள் உண்டு. பூசைக்கு எதுவும் ஆகும். சமையலுக்கு அடர்நீலம் மட்டும்தான், வெள்ளையில் சாயம் இல்லை. நீலத்திலும் ஒற்றை இதழ், அடுக்கு இதழ் என இரண்டு. அடுக்கில் ஒரு பூவுக்குச் சாயம் கூடுதல், ஆனால் காய அதிக நேரம் எடுக்கும். முதல்முறை என்றால் ஒற்றையே போதும்.

2. விதையின் தோலை உடைக்காமல் விதைக்காதீர்கள்

என் முதல் இரண்டு முயற்சியும் வீணானது இங்கேதான். விதையின் மேல்தோல் கெட்டியானது, தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. அப்படியே மண்ணில் போட்டால் சில முளைக்கும், பல மாதக்கணக்கில் கிடந்து மக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நகவெட்டியால் விதையின் ஒரு ஓரத்தில் மிகச் சிறிதாகக் கீறுங்கள். உள்ளே வெளிர்நிறம் தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். விதை காம்பில் ஒட்டியிருந்த வடு உள்ள பக்கத்தைத் தொட வேண்டாம், முளை வருவது அங்கிருந்துதான். நகவெட்டி வசப்படாவிட்டால் உப்புத்தாளில் நான்கைந்து முறை தேய்த்தாலும் போதும். பிறகு கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் ஊறி இரண்டு மடங்கானவற்றை விதையுங்கள். அப்படியே கல்லாக இருப்பவற்றை மறுபடி கீறி ஊறவையுங்கள். மூன்றாவது முறை இப்படிச் செய்தபோது ஆறாம் நாளே முளை வந்தது.

விதைக்கு விலை அதிகமில்லை. பாக்கெட் 30 ரூபாய்க்கு வாங்கினேன். அதைவிட நல்ல வழி, கொடி வைத்திருக்கும் யாரிடமாவது காய்ந்த காய் நான்கு கேட்பது. காய் பழுப்பாகி, வெடிப்பதற்குள் பறிக்க வேண்டும். வெடித்தால் தோல் முறுக்கிக்கொண்டு விதை தெறித்துவிடும்.

நர்சரியில் பூத்த செடியாகவே வாங்கினால் ஓர் எச்சரிக்கை. அலங்காரத்துக்கு வளர்க்கும் செடிகளுக்குப் பூச்சிமருந்து தாராளமாக அடித்திருப்பார்கள். செடி முழுக்க ஊடுருவும் மருந்தும் அதில் இருக்கலாம். அந்தப் பூக்களை உண்ணாதீர்கள். நன்றாகக் கவாத்து செய்து, புதிதாகத் துளிர்த்துப் பல வாரம் போன பிறகு வரும் பூவை எடுங்கள். பூக்கடையில் மாலைக்கு விற்கும் பூவும் இதே காரணத்தால் சமையலுக்கு ஆகாது.

3. இடம், மண், செலவு

ஆறு மணி நேர வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. மற்றபடி இது அலட்டிக்கொள்ளாத கொடி.

என் மாடிக்கு ஆன செலவைச் சொல்கிறேன். பதினைந்து அங்குல வளர்ப்புப் பை இரண்டு 120 ரூபாய், ஐந்து கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி 180, மண்புழு உரம் 100, மூங்கில் குச்சி 100, கயிறு 60, விதை 30. மொத்தம் 590 ரூபாய். செம்மண் பக்கத்து மனையில் வீடு கட்டியவர்கள் கொடுத்தது. பைக்கு இரண்டு செடி.

உரம் விஷயத்தில் கை நீள வேண்டாம். இது அவரைக் குடும்பம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகளின் துணையால் தழைச்சத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நான் ஆசையில் யூரியா கொஞ்சம் தூவினேன். இலை இலையாக வந்ததே தவிர ஒரு மாதத்துக்கு மொட்டு இல்லை. மாதம் ஒரு பிடி மண்புழு உரம், அவ்வளவுதான்.

ஆடிப்பட்டத்தில் விதைத்தால் கொடி நன்றாக எழும், ஆனால் பூக்கத் தொடங்கும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். எங்கள் காவிரிப் படுகையில் அந்த நாட்களில் எதுவும் காயாது. காயவைப்பதுதான் நோக்கம் என்றால் தை கடைசியில் விதையுங்கள். விதைத்த ஐம்பது அறுபது நாளில், பங்குனி வெயிலில் பூ வரத் தொடங்கும், காயவைப்பதற்கு அதைவிடத் தோதான காலம் இல்லை.

அசுவினியும் மாவுப்பூச்சியும் வரும். அதிகாலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். தெளித்த பிறகு ஒரு வாரத்துக்குப் பூவைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். அந்த வாசனை பூவில் ஏறிவிடும்.

4. பறிக்கும் நேரம்

பூ காலையில் விரியும், மாலைக்குள் சுருண்டுவிடும். ஒரே நாள் ஆயுள். பனி உலர்ந்து வெயில் சுடத் தொடங்குவதற்கு முன், எங்கள் ஊரில் ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் பறிப்பது சரி. ஈரத்தோடு பறித்தால் கூடையிலேயே நைந்துவிடும். மதியம் பறித்தால் இதழ் ஓரம் வெளுத்திருக்கும்.

தினமும் பறியுங்கள். இரண்டு நாள் விட்டால் காய் பிடிக்கும். காய் பிடிக்கத் தொடங்கிய கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். விதைக்கென்று ஒரு கிளையை மட்டும் விட்டுவிட்டு மற்ற காய்களைக் கிள்ளிவிடுங்கள்.

நான்கு செடியும் நன்றாகப் பூக்கும் நாட்களில் எனக்கு முப்பது பூ வரும். ஒரு கோப்பைக்கு ஆறேழு பூ என்றால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது தாராளம்.

5. காயவைப்பது: நிதானம் வேண்டிய இடம்

பறித்து வந்ததும் பூவைக் கவிழ்த்து லேசாகத் தட்டுங்கள். எறும்பும் அசுவினியும் இதழுக்குள் ஒளிந்திருக்கும். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஒரு முக்கு முக்கி உடனே எடுத்துத் துணியில் பரப்புங்கள். ஊறவிட்டால் சாயம் தண்ணீரோடு போய்விடும்.

அடுத்து, அடியில் உள்ள பச்சைப் புல்லியைக் கழற்ற வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இதழ் மெல்லியது, ஒரு நாளில் உலர்ந்துவிடும். புல்லி தடிப்பானது, ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் காய்ந்தது போல இருந்ததால் நான் பாட்டிலில் அடைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் நனைந்த சாக்கு வாடை. உள்ளே புல்லி ஒவ்வொன்றைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் பஞ்சு. பூஞ்சை பிடித்ததைக் கழுவியோ வெயிலில் போட்டோ மீட்க நினைக்காதீர்கள். முழுவதையும் குப்பையில் கொட்டுங்கள்.

காம்பை ஒரு கையில் பிடித்து, மறு கையால் இதழை மெதுவாக மேல்நோக்கி இழுத்தால் புல்லி தனியாகக் கழன்று வரும். பத்துப் பூ செய்தால் கை பழகிவிடும்.

மூங்கில் தட்டிலோ முறத்திலோ பழைய வேட்டித் துணியை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். காற்றோட்டமான நிழல் வேண்டும். நேர் வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும், ஆனால் நீலம் வெளுத்துச் சாம்பலாகும். முதல் நாள் மாலை இதழ் சுருளும். இரண்டாம் நாள் தோல் போல வளையும். இந்த நிலையில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் சரசரவென்று நொறுங்கித் தூளாக வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள் விடுங்கள்.

மழைக்காலத்தில் மின்சார உலர்த்தி இல்லாமல் முடியாது. இருந்தால் 50 டிகிரியைத் தாண்டாமல் வையுங்கள். ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு அடிக்கடி எடுத்துப் பாருங்கள். உலர்த்தி இல்லையென்றால் அந்த மாதங்களில் பூவைப் பச்சையாகவே பயன்படுத்துங்கள், அல்லது சாறு இறக்கி ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள்.

காய்ந்த பூவை ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். மூடிய மறுநாள் பாட்டிலின் உட்புறத்தைப் பாருங்கள். மெல்லிய ஆவி படிந்திருந்தால் காயவில்லை என்று பொருள். உடனே திரும்பப் பரப்புங்கள். நன்றாகக் காய்ந்தது ஆறேழு மாதம் நிறம் மாறாமல் இருக்கும். பொடியாக்கி வைத்தால் நிறம் சீக்கிரம் மங்கும், தேவைப்படும்போது மட்டும் பொடியுங்கள்.

6. அடுப்படியில்

ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். இந்தப் பூ தருவது நிறம். வாசனை இல்லை. சுவை மிக லேசானது, பச்சை அவரைக்காய் வேகும்போது வருவது போன்ற ஒரு சாயல். மல்லிகை போல மணக்கும் என்று எதிர்பார்த்துக் குடிப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். காபியிலும் தேயிலையிலும் உள்ள காஃபீன் இதில் இல்லை.

ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். ஆறேழு காய்ந்த பூவைப் போட்டு மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். வடிகட்டிப் பூவை லேசாகப் பிழியுங்கள். பூவைப் போட்டு நீண்ட நேரம் கொதிக்கவிடக் கூடாது. நிறம் தரும் ஆந்தோசயனின்கள் சூட்டில் சிதையும், நீலம் மங்கிப் பழுப்படிக்கும்.

வடித்ததில் எலுமிச்சை நான்கு சொட்டு விட்டால் ஊதா. அரை மூடி பிழிந்தால் இளஞ்சிவப்பு. எங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் எலுமிச்சையைக் கொடுத்து அவர்களையே பிழியச் சொல்வேன். அந்த நிமிடம் அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகவே கொடியைத் தினமும் பறிக்கலாம். காரத்தன்மை சேர்ந்தால் எதிர்த்திசை: சமையல் சோடா ஒரு சிட்டிகை விட்டால் பச்சையாகும். ஆகவே சோடா போடும் பலகாரங்களில் நீலம் வரவில்லை என்று கவலைப்படாதீர்கள்.

நான் செய்து பார்த்தவற்றில் முதலிடம் இடியாப்பத்துக்கு. இருபது பூவை ஒரு டம்ளர் வெந்நீரில் ஊறவைத்து வடித்து, அந்தத் தண்ணீரை மறுபடி சுடவைத்து, உப்புச் சேர்த்து அரிசி மாவில் ஊற்றிப் பிசையுங்கள். அரிசி மாவில் புளிப்பு இல்லாததால் நீலம் அப்படியே நிற்கும். வெந்து தட்டில் வரும்போது, வெள்ளைத் தேங்காய்ப்பால் ஊற்றச் சரியான துணை. புட்டுக்கும் இதே தண்ணீரைத் தெளிக்கலாம். மலேசியாவின் கிளந்தானில் நாசி கெராபு என்ற சோற்றை நீலமாக்குவதும் இந்தப் பூவின் சாறுதான். அரிசி வேகும் தண்ணீரில் சேர்த்தால் நம் வீட்டுப் பொன்னி அரிசியும் அப்படி வரும்.

இட்லிக்கு மாவு அதிகம் புளித்திருக்கக் கூடாது. வார்ப்பதற்குச் சற்று முன் கெட்டியான சாறு கலந்தால் நீலமும் ஊதாவும் கலந்த நிறம் கிடைக்கும். தோசை வேண்டாம். கல்லில் சிவந்ததும் நிறம் அழுக்காகத் தெரிகிறது. வெல்லப் பாயசமும் வேண்டாம், வெல்லத்தின் பழுப்பில் நீலம் காணாமல் போகும். சர்க்கரை போட்ட பால் பாயசத்தில் இறக்கிய பின் சேர்த்தால் வெளிர்நீலம். இளநீரில் கடல்பாசி காய்ச்சி, பாதியை நீலமாகவும் பாதியை வெள்ளையாகவும் அடுக்கி ஊற்றினால் கோடைக்கு அருமை. பச்சைப் பூவாகக் கிடைத்தால் புல்லியை எடுத்துவிட்டு நீர்க்கக் கரைத்த பஜ்ஜி மாவில் தோய்த்துப் பொரிக்கலாம். இதழ் மொறுமொறுப்பாக வரும்.

வீட்டுப் பெரியவர்கள் நீலச் சோற்றைப் பார்த்துத் தயங்குவார்கள். என் மாமியாரும் தயங்கினார். கொடியையே காட்டி, பறித்து, அவர் கண்ணெதிரே வடித்த பிறகுதான் ஒரு வாய் வைத்தார். அந்தத் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுங்கள்.

7. யார், எதைத் தவிர்க்க வேண்டும்

உண்பது இதழை மட்டும். விதையும் வேரும் பேதியை உண்டாக்குபவை. மருத்துவர்கள் அவற்றை அளந்து தருவது வேறு விஷயம். பிள்ளைகள் உள்ள வீட்டில் முற்றிய காய்களைக் கைக்கெட்டும் இடத்தில் விடாதீர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும், தினசரி மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதல்முறை குடிப்பவர் அரைக் கோப்பையோடு நிறுத்தி உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சர்க்கரை குறையும், எடை இறங்கும், நினைவாற்றல் கூடும் என்று எத்தனையோ செய்திகள் கைபேசியில் வரும். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். விற்பவர்களாக இருந்தால் அப்படி எழுதவே கூடாது. நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டத்தின்கீழ் குற்றம்.

8. விற்க நினைத்தால்: கணக்கும் ஆவணங்களும்

முதலில் கணக்கு. என் கொடிகளில் ஏறத்தாழ 250 பூ சேர்ந்தால் 100 கிராம். காய்ந்தால் அது பத்து கிராமை ஒட்டி வரும். அப்படியானால் ஒரு கிலோ காய்ந்த பூவுக்கு 25,000 பூ பறிக்க வேண்டும். மணிக்கு ஆயிரம் பறித்தாலும் இருபத்தைந்து மணி நேரம், புல்லி கழற்றும் நேரம் தனி. விலை வைப்பதற்கு முன் இந்த உழைப்பை நினைவில் வையுங்கள். நான்கு செடியை நம்பி ஆர்டர் எடுக்காதீர்கள்.

அடுத்து உணவுப் பாதுகாப்புப் பதிவு. வீட்டிலிருந்து பத்துப் பாக்கெட் விற்றாலும் வேண்டும். நான் 2024இல் பதிந்தபோது, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினேன். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டது புகைப்படம், ஆதார், முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல், என்ன உணவு என்ற விவரம். பத்து நாளில் பதினான்கு இலக்க எண் வந்தது.

இங்கே ஒரு பொறி. இணையத்தில் தேடினால் முதலில் வருபவை அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள். அப்படி ஒன்றில் 2,000 ரூபாய் கட்டி, எண்ணும் வராமல் பணமும் திரும்பாமல் நின்றேன். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே விவரங்களைத் தாருங்கள். அரசின் தளத்தின் பெயர் ஃபாஸ்காஸ். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் இப்படித்தான். அது முற்றிலும் இலவசம், யாராவது பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

லேபிள் அடிப்பதற்கு முன் இதைப் படியுங்கள். நான் 'சங்குப்பூத் தேநீர்' என்று ஐந்நூறு லேபிள் அடித்து வைத்திருந்தேன். 2025 டிசம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தெளிவுபடுத்தியது: காமெல்லியா சைனென்சிஸ் என்ற தேயிலைச் செடியிலிருந்து வருவதை மட்டுமே தேநீர் என்று சொல்லலாம், பூத் தேநீர், மூலிகைத் தேநீர் என்ற பெயர்கள் கூடாது. மற்றச் செடிகளில் செய்யும் வடிநீர்கள் தனியுரிம உணவாகவோ (விதிகளில் தனித் தரம் வகுக்கப்படாத தயாரிப்பு), 2017ஆம் ஆண்டின் குறிப்பிடப்படாத உணவுகளுக்கான (விதிகளில் இன்னும் இடம்பெறாதவை) விதிகளின்கீழோ வரலாம் என்றும் சொன்னது. ஆகவே மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மாதிரிப் பாக்கெட்டோடு நேரில் போய், எந்த வகையில் பதிய வேண்டும், முன் ஒப்புதல் தேவையா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எனக்கு அரை நாள் ஆனது. லேபிளுக்கு முன் போயிருந்தால் 1,500 ரூபாய் தப்பியிருக்கும்.

லேபிளில் இருக்க வேண்டியவை: உணவின் பெயர், உட்பொருள், நிகர எடை, தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும், பதிவு எண், தொகுதி (பேட்ச்) எண், அடைத்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, அனைத்து வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, சைவத்துக்கான பச்சைப் புள்ளி, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். இப்போது என் மாதிரி லேபிளில் 'உலர்ந்த சங்குப்பூ' என்றுதான் இருக்கிறது. கீழே தாவரவியல் பெயரையும் போடச் சொன்னேன்.

வெளிநாட்டு உறவினர்கள் கேட்டால் அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். அமெரிக்காவில் இந்தப் பூவின் சாற்றை உணவு நிறமியாகப் பயன்படுத்த 2021இல் அனுமதி வந்தது. அது சாற்றுக்கான அனுமதி, நம் பாக்கெட் பூவுக்கு அதைக் காட்ட முடியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ உலர்ந்த பூவை உணவாகச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு 2022இல் பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி மறுப்புத் தெரிவித்தது. விதையைத் தபாலில் அனுப்பப் பெரும்பாலான நாடுகள் தாவர நலச் சான்றிதழ் கேட்கும், இல்லாவிட்டால் சுங்கத்தில் அழித்துவிடுவார்கள்.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள். பறித்த தேதி, பூவின் எண்ணிக்கை, காய எடுத்த நாட்கள், அடைத்த தேதி, தொகுதி எண் ஐந்தையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். என்னிடம் வாங்கிய ஒருவர் பாட்டிலில் வாடை வருகிறது என்று அழைத்தபோது, நோட்டைப் புரட்டினேன். அது இரண்டே நாள் காய்ந்த தொகுதி. அதே தொகுதியில் வாங்கிய மற்ற நால்வரையும் அன்று மாலையே அழைத்துத் திரும்பப் பெற முடிந்தது.